ஜார்ஜ் டவுனில் மூன்று நாள்: சுகர் உள்ள அப்பாவோடு எங்கே சுற்ற, என்ன குடிக்க?

நாகைக்காரி:

வணக்கம். அடுத்த மாதம் நானும் அப்பாவும் பினாங்கு வருகிறோம். முழுதாக மூன்று நாள், ஜார்ஜ் டவுனுக்குள் மட்டும். மலை ரயில், பாம்புக் கோயில், கடற்கரை விடுதி எதுவும் திட்டத்தில் இல்லை. ஊருக்குள் நடந்து சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர், ஐம்பதுகளில் திரும்பி வந்துவிட்டார். அப்பாவுக்கு இப்போது 71 வயது. சின்ன வயதில் தாத்தா வாயால் கேட்டதில் அவருக்கு மிச்சமிருப்பது மூன்று சொற்கள்: கடைத்தெரு, தண்ணீர்மலை, கோப்பி ஓ. இந்த மூன்றையும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

சிக்கல்கள் இரண்டு. அப்பாவுக்குச் சுகர், ஆனால் நாளைக்கு ஐந்து டீ இல்லாமல் இருக்க மாட்டார். அப்புறம் முழங்கால் வலி. முக்கால் மணி நேரம் நடந்தால் எங்காவது உட்கார வேண்டும். எந்தப் பக்கம் தங்கலாம், எந்த மார்க்கெட்டுக்கு எப்போது போகலாம், அவர் பயமில்லாமல் என்ன குடிக்கலாம்? வீடியோக்களில் தேடினால் எல்லாரும் ஒரே சைக்கிள் ஓவியத்துக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

படகுத்துறை:

வாங்கம்மா. நான் பிறந்தது குவீன் தெருப் பக்கம். முப்பது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்தேன். இப்போது ஓய்வு, காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கடை என்று உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அதனால் நீங்கள் கேட்டதற்கு நான் சரியான ஆள்.

முதலில் தாத்தாவின் மூன்று சொற்கள்.

கடைத்தெரு இன்னும் இருக்கிறது. பெயர்ப் பலகையில் 'லெபோ பாசார்' என்று தேடுங்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயர் மார்க்கெட் ஸ்ட்ரீட். எங்கள் வீட்டில் இரண்டு பெயரையும் யாரும் சொன்னதில்லை, கடைத்தெருதான். ஜவுளி, பாத்திரம், மளிகை, பூ என்று இப்போதும் நம் கடைகள்தான் அதிகம். தாத்தா கணக்கு எழுதிய கடை அநேகமாக அங்கேயோ பக்கத்துப் பினாங்குத் தெருவிலோ இருந்திருக்கும். பழைய கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் உறையைப் பாருங்கள், கதவு எண் கிடைத்தாலும் கிடைக்கும்.

தண்ணீர்மலை ஊருக்குள் இல்லை, காரில் போக வேண்டும். மலைக்கோயிலுக்கு 513 படி. முழங்கால் வலியோடு வேண்டாம். ஆனால் அதே வாட்டர்ஃபால் சாலையில், கீழே, நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. 1857இல் கட்டியது. தாத்தா காலத்தில் தண்ணீர்மலை என்றால் இதையும் சேர்த்தே சொல்வார்கள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்குத் தெருக் கோயில் வீட்டில் புறப்பட்டு இங்கேதான் வந்து சேரும். அந்த ரதம் 1894இலிருந்து ஓடுகிறது. அப்பாவைப் படி ஏற்றாமலே சாமி பார்க்க வைத்துவிடலாம்.

கோப்பி ஓ. இதற்குக் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுகர்க்காரர்கள் இங்கே வந்து தடுமாறுவதே இந்த இடத்தில்தான்.

இங்கே 'தே' என்றோ 'கோப்பி' என்றோ மொட்டையாகக் கேட்டால் டின் பால் ஊற்றித் தருவார்கள், கெட்டியான இனிப்புப் பால். தே தாரிக்கும் அப்படித்தான். 'தாரிக்' என்றால் இழுப்பது; ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுவார்கள், நுரை நிற்கும். நம்ம ஊர் டீக்கடைக்காரர் செய்யும் வித்தைதான், புதிது ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே போல "சர்க்கரை போடாதீங்க" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சர்க்கரை பாலுக்குள்ளேயே இருக்கிறது. 'குராங் மானிஸ்' என்று சொன்னால் இனிப்பைக் குறைப்பார்கள், நிறுத்த முடியாது.

அப்பா சொல்ல வேண்டியது: "தே சி கோசோங்." 'சி' என்றால் இனிப்பில்லாத டின் பால். 'கோசோங்' என்றால் காலி, சர்க்கரை கிடையாது. இழுத்துத் தரச் சொன்னால் இழுத்தும் தருவார்கள், நுரைக்கும் குறைவில்லை. பால் இல்லாமல் வேண்டுமானால் "தே ஓ கோசோங்". காப்பிக்கும் இதே கணக்கு. 'கோப்பி ஓ' என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. 'கோப்பி ஓ கோசோங்' என்றால் இரண்டும் கிடையாது. ஒரு எச்சரிக்கை: இங்கே காப்பிக்கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள். அதனால்தான் அந்தக் கறுப்பும் கருகல் வாசமும். கும்பகோணம் டிகிரி காப்பி குடித்த நாக்குக்கு முதல் வாய் மருந்து மாதிரி இருக்கும். மூன்றாவது நாள் அதையே தேடும்.

இனி நாளை எப்படிப் பிரிப்பது. பார்க்கும் இடத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், உட்காரும் இடத்தை வைத்துப் போடுங்கள். காலை ஏழிலிருந்து பத்தரை வரை நடை. அப்புறம் வெயில். மறுபடி நான்கரைக்கு மேல்தான் வெளியே வர வேண்டும். இடையில் நடப்பவர்கள் எல்லாம் சுற்றுலாப் பயணிகள், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

காலைக்குச் சௌராஸ்தா மார்க்கெட். பெயர் நாற்சந்தி என்ற பொருளில் உருதுவிலிருந்து வந்தது. ஏழரைக்குள் போய்விடுங்கள். கட்டடத்துக்குள் மீன், கறி, காய். ஆனால் கூட்டமெல்லாம் பக்கத்தில் ஒட்டிப் போகும் கோலகங்சார் தெருவில்தான். ஒட்டுக்கடைகள், தள்ளுவண்டிகள், நடுவில் ஹார்ன் அடிக்காமல் ஊர்ந்து வரும் மோட்டார் சைக்கிள்கள். சீனக் கிழவிகள் கீரையை ஒடித்துப் பார்த்து வாங்குவதை அப்பா ரசிப்பார். பினாங்கு ரோட்டைப் பார்த்த முகப்பில் ஊறுகாய்க் கடைகள். மாங்காய், நெல்லிக்காய், எல்லாவற்றுக்கும் மேல் ஜாதிக்காய். மேல்மாடியில் பழைய புத்தகக் கடைகள், ஆனால் அவை மெதுவாகத்தான் திறக்கும்.

ஜாதிக்காயை ஒரு நிமிடம் பேச வேண்டும். நம்மவர்களுக்கு அது குழந்தைக்கு உரைத்து ஊற்றும் மருந்து. அந்தக் கொட்டையைச் சுற்றி இருக்கும் தடித்த சதையை இங்கே தூக்கி எறிவதில்லை. ஊறுகாய் போடுவார்கள், பாகில் ஊறவைப்பார்கள், சாறு எடுப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து இங்கே தோட்டம் போட்டான். 1860களில் நோய் விழுந்து பெரிய தோட்டங்கள் அழிந்தன. தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவில் இன்றும் மரங்கள் உண்டு. ஜாதிக்காய்ச் சாறு இரண்டு நிறத்தில் வரும். வெள்ளை என்றால் பழத்திலிருந்து பச்சையாக எடுப்பது; பழுப்பு என்றால் காய்ச்சியது. வெள்ளையைக் குடியுங்கள். பழுப்பில் சர்க்கரைப் பாகுதான் முன்னால் நிற்கும். அப்பா ஒரு வாய் ருசி பார்க்கட்டும், மிச்சத்தை நீங்கள் முடியுங்கள்.

சீனக் கோப்பிக் கடையில் உட்காரும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு வண்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளுடையது. கடை முதலாளிக்கு வண்டி வாடகையும் தண்ணி வியாபாரமும்தான் வருமானம். அதனால் மேசைக்கு முதலில் வருபவர் "என்ன தண்ணி?" என்றுதான் கேட்பார். ஆளுக்கொன்று சொல்லிவிடுங்கள். சும்மா உட்கார்ந்து நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டால் முறைப்பார்கள், சில கடையில் தனிக் காசும் கேட்பார்கள். இரண்டு, மூன்று வெள்ளிதான். (இங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்போம், குழம்பாதீர்கள்.)

மாலைக்குத் துறைமுகப் பக்கம். லெபோ பந்தாய், அதாவது பீச் ஸ்ட்ரீட்டில் நின்று கடலைத் தேடிப் பாருங்கள், தெரியாது. பெயர் வைத்தபோது அலை அங்கேதான் அடித்தது. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்று கரைச்சாலை போட்டார்கள், கடல் தள்ளிப் போய்விட்டது. கடலை நோக்கி நீளும் தெருக்களுக்கு 'காட்' என்று முன்னொட்டு இருக்கும், காட் லெபோ சூலியா என்பது போல. நம் நாட்டுப் படித்துறைச் சொல்தான் அது. அந்தக் காட் தெருக்களில் சரக்கு இறக்கிப் பார்த்த கடைசித் தலைமுறை நாங்கள். பெட்டிகள் எல்லாம் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போய் எவ்வளவோ காலமாயிற்று.

வெல்ட் கீயில் சீனக் குலங்களின் மரத்துறைகள் இருக்கின்றன: சியூ, லிம், டான், லீ, இயோ. கடலுக்குள் தூண் நட்டு, பலகை போட்டு, அதன்மேல் வீடுகள். ஒவ்வொரு துறையிலும் ஒரே குடும்பப் பெயர். சியூ துறை பெரியது, கடை போட்டுச் சந்தையாக்கிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, அமைதி வேண்டுமானால் டான் துறைக்குப் போங்கள். ஒடுங்கிய பலகைப் பாதை கடலுக்குள் நீளமாகப் போகும். அப்பா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் கேமராவை நீட்ட வேண்டாம், உள்ளே ஆட்கள் சோறு தின்றுகொண்டிருப்பார்கள்.

தங்குவதற்குச் சூலியா தெருவைச் சுற்றி எங்கேயும் சரி. லவ் லேன் மட்டும் வேண்டாம், இராத்திரியெல்லாம் மதுக்கடைச் சத்தம்.

அந்தச் சைக்கிள் ஓவியம் ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்தது. வரிசையில் நின்று வெயிலில் காய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

உட்லண்ட்ஸ்வாசி:

படகுத்துறை ஐயா, ஓவியத்தை இப்படி ஒதுக்கிவிடாதீர்கள். நாங்கள் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளோடு இரண்டு தடவை போனோம். அந்தச் சுவர்களைத் தேடித்தான் அவர்கள் நடந்தார்கள், இல்லாவிட்டால் விடுதியை விட்டு அசைந்திருக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்தது கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள். அந்தந்தத் தெருவின் கதையைச் சுவரிலேயே சொல்லிவிடும்.

நாகைக்காரிக்கு ஒரு விஷயம்: நடைபாதை. கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட வராந்தா இருக்கும், 'காக்கி லீமா' என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அருமை. ஆனால் கடைக்குக் கடை உயரம் மாறும், படி ஏறி இறங்க வேண்டும், நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள். என் மாமியார் அங்கேதான் காலைப் பிசகிக்கொண்டார். அப்பாவுக்கு நல்ல செருப்பு முக்கியம். ஊருக்குள் இலவசமாகச் சுற்றும் 'கேட்' பேருந்தும் இருக்கிறது, கால் வலித்தால் ஏறி உட்கார்ந்துவிடலாம்.

பானத்தில் என் ஓட்டு அம்ரா என்ற புளிப்புக் காயின் சாறுக்கு. பச்சையாக, புளிப்பாக, உள்ளே 'அசாம் போய்' என்ற உப்புப் ப்ளம் கிடக்கும். வெயிலில் நடந்துவிட்டு அதைக் குடித்தால் உயிர் திரும்பும். சர்க்கரை வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

படகுத்துறை:

பிள்ளைகளுக்கு என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். அம்ராவை நான் மறந்தது தப்பு.

இன்னொன்றையும் மறந்துவிட்டேன், அதுவும் நாகைக்காரியிடம். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது அம்மா. உங்கள் ஊர் சாகுல் அமீது ஆண்டவர் நினைவாக, 1800களின் தொடக்கத்தில் இங்கே வந்த நம் முஸ்லிம்கள் எழுப்பியது. வெளிச்சுவரிலேயே குட்டிக் குட்டிக் கடைகள். அங்கிருந்து மெல்ல நடந்தால் ஒரு பக்கம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், இன்னொரு பக்கம் குவீன் தெரு மகா மாரியம்மன். பள்ளிவாசல் 1801, கோயில் 1833. அப்பாவின் முழங்காலுக்கு ஏற்ற தூரம்தான்.

பட்டர்வொர்த்_பையன்:

யாரும் ஃபெர்ரியைச் சொல்லவில்லையே! கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்தால் பட்டர்வொர்த்தில் இறங்கி, பக்கத்திலேயே ஃபெர்ரி ஏறி வாருங்கள். தாத்தா கடல் வழியாக வந்த ஊருக்குப் பாலத்தில் காரில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும்? பழைய இரண்டடுக்குப் படகுகள் 2020 கடைசியோடு நின்றுவிட்டன. 2023இலிருந்து ஓடும் புதுப்படகுகளில் ஏசி, மூடிய கண்ணாடி. காற்று அடிக்காது, ஆனால் ஊர் மெல்ல நெருங்கி வருவது தெரியும்.

மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு சாப்பிடும்போது "பஞ்சீர்" என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று அர்த்தம். எல்லா ஆணத்தையும் (குழம்பைத்தான் அப்படிச் சொல்வோம்) கலந்து சோறு மிதக்க ஊற்றுவார்கள். சுகருக்கு நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நாகைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. போய்விட்டு வந்தாயிற்று, அதனால் கணக்கு ஒப்படைக்கிறேன்.

ஃபெர்ரியில்தான் போனோம். அப்பா வழியெல்லாம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அப்பாவை முதலில் ஜெரஜாக் தீவில் இறக்கி வைத்திருந்தார்களாம், நோய் இருக்கிறதா என்று பார்க்க" என்றார். இதை இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

கடைத்தெருவில் கதவு எண் எதுவும் கிடைக்கவில்லை. உறையில் 'மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்' மட்டும்தான் இருந்தது. அப்பா தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை நடந்தார், திரும்பி ஒருமுறை நடந்தார். ஒரு ஜவுளிக்கடையில் எனக்குத் தேவையே இல்லாத இரண்டு புடவை வாங்கினார். பில் போட்ட பெண்ணிடம், "என் அப்பா இந்தத் தெருவில்தான் கணக்கு எழுதினார்" என்று சொன்னார். அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் ஐந்து வெள்ளி குறைத்துக்கொண்டார்.

"தே சி கோசோங்" முதல் நாள் நான் சொன்னேன், இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து சொன்னோம், மூன்றாம் நாள் நான் எழுவதற்குள் அவரே கீழே போய்க் குடித்துவிட்டு வந்துவிட்டார். எனக்கும் பொட்டலம் கட்டி வாங்கி வந்தார்: பிளாஸ்டிக் பையில் டீ, வாயில் கயிறு, உள்ளே ஸ்ட்ரா. அதைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் தட்டினார். கோப்பி ஓ கோசோங் அவருக்குப் பிடிக்கவில்லை. "தாத்தா இதையா குடித்தார்?" என்று கேட்டுவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தார். தாத்தா சர்க்கரை போட்டுத்தான் குடித்திருப்பார் என்று நான் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

சௌராஸ்தாவுக்கு எட்டரைக்குத்தான் போக முடிந்தது. கீரைக்காரக் கிழவியும் அப்பாவும் ஆளுக்கொரு மொழியில் பத்து நிமிடம் பேசினார்கள். டான் துறைப் பலகையில் பாதியோடு திரும்பிவிட்டோம், எனக்குத்தான் பயம். வெள்ளை ஜாதிக்காய்ச் சாறு நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்ரா அதைவிட ஒரு படி மேல்.

தர்கா வாசலில் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தோம். வாரத்தில் ஒருநாள் நாகூர் போகிறவர் அப்பா. இங்கேயும் அதேபோல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழகிய இடம் மாதிரி உள்ளே போனார். மூன்று சொற்களில் இது இல்லையே என்று கேட்டேன். "உங்க தாத்தா இதைச் சொல்லவே இல்லை பாரு" என்று ஊர் திரும்பும் வரை குறைபட்டுக்கொண்டிருந்தார்.

படகுத்துறை ஐயா, ஒரு கேள்வி மிச்சம். ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு கிலோ வாங்கி வந்துவிட்டோம். இரண்டு வகை, ஒன்று காய்ந்தது, ஒன்று பாகில் கிடப்பது. வெளியே வைக்கலாமா?

படகுத்துறை:

காய்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள். பாகில் உள்ளது ஃபிரிட்ஜுக்கு, ஈரக்கரண்டி போடாதீர்கள். இரண்டையும் அப்பா கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள், அவ்வளவும் சர்க்கரை.